மணிக்காரரின் நீலக் கொப்பி

என் அன்பு அப்பாவுக்கு,

வென்றுவிட்டோம்! ஆற அமரச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லையென்று உங்களுக்குத் தெரியும்தானே.

நம் ஜெர்மன் கிராமத்துத் தேவாலயத்தின் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறார்கள் என்றதும் ஓடிப்போய்ப் பார்த்தேன். மணி அடித்தவர்களின் பட்டியலில் உங்கள் பெயர் இல்லை. ஊரில் யார் இறந்தாலும் மறுநாள் காலையில் மணி அடிப்பது அங்கே வழக்கம். பதினெட்டு வருடம் அந்தக் கயிற்றை இழுத்தவர் நீங்கள். "சபையில் சேராதவர்களின் பெயரை நாங்கள் போடுவதில்லை" என்றார் புத்தகப் பொறுப்பாளர் கிறிஸ்டா. திருநீறு பூசியவர் என்பதால்தானே நீங்கள் கண்ணை மூடியபோதும் மணி அடிக்கவில்லை? எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது.

ஆனால் அவர்களுக்கும் ஒரு சிக்கல். நிலவறையில் தண்ணீர் புகுந்து, புத்தகத்துக்குத் தேவையான உங்கள் காலத்து மரணப் பதிவேடு கூழாகிவிட்டது. யாருக்கு, என்றைக்கு மணி அடித்தீர்கள் என்று நீங்கள் தமிழில் எழுதிவந்த நீலக் கொப்பியைக் கொண்டுபோய் மேசையில் போட்டேன்.

திறந்ததும் மானம் போனது! தேதி இருக்கிறது, பெயர் இல்லை. "கோழிக்கூட்டு அக்கா." "வேலிச் சண்டை அண்ணை." "கேக் தந்துவிட்டு ஏசுகிற அம்மா." கேட்டால், "ஆளைத் தெரிஞ்சால் காணும் பிள்ளை, பேர் என்னத்துக்கு?" என்றிருப்பீர்கள்.

நான் ஜெர்மனில் சொல்லச் சொல்ல, ஊரே கூடிக் கண்டுபிடித்தது. "வேலிச் சண்டையா? அது எங்கள் அப்பாதான்!" என்று எழுந்த ஒருவர் சிரித்துக்கொண்டே அழுதார். ஓர் ஆள்கூட விடுபடவில்லை அப்பா. இவ்வளவு கவனமாக எங்களை யார் பார்த்தார்கள் என்று கிறிஸ்டா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இப்போது உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறது, தகப்பன் பெயரோடு. புத்தகம் வெளிவந்த ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்டா கயிற்றை என் கையில் தந்து, "உன் அப்பாவுக்கு அடிக்காமல் விட்டது எங்கள் பிழை. நீயே அடி" என்றார்.

அம்மா பக்கத்தில் நின்று, "பலமா அடி பிள்ளை. மணி அடிச்சு அடிச்சே அவருக்கு ஒரு காது கேளாதெல்லோ" என்றார்.

பலமாகத்தான் அடித்தேன். கேட்டதா?

கொப்பியின் கடைசி வரிக்குக் கீழே தேதி போட்டு, "எங்கள் அப்பா" என்று எழுதினேன். இனி அந்த மணியை நான்தான் அடிக்கப்போகிறேன். ஒருவரையும் விடமாட்டேன். ஆட்களின் பெயரையும் எழுதுவேன்!

மணிக்காரரின் மகள்,
வதனி