துரையின் மீனுக்கு ஊற்றிய மஞ்சள் தண்ணீர்

சின்னமனூர்
வெகுதானிய வருஷம், ஆனி மாதம்

கண்டிச் சீமையில் இருக்கும் என் பிரியமுள்ள மகள் ராமுத்தாய்க்கு அப்பா எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் உன் அம்மாவும் மாடு கன்றுகளும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்கச் சுருளி வேலப்பர் துணை நிற்க வேண்டும். உன் தம்பி அம்மாவாசியும் சுகம் என்று எழுதத்தான் வழியில்லை தாயி, அவன் மலையில் எந்தப் பக்கம் கிடக்கிறான் என்றே தெரியவில்லை. மாப்பிள்ளை இதைப் படித்துக் காட்டும்போது பதறாமல் கேள், ஆள் உயிரோடுதான் இருக்கிறான்.

நீ கப்பலேறிய பிறகு அவன் மேலே தேயிலைத் தோட்டத்துத் துரையிடம் வேலைக்குச் சேர்ந்தான். துரை ஓடைக்கு மீன் பிடிக்கப் போகும்போது கூடையும் வலையும் தூக்கிக்கொண்டு கூடப் போவதுதான் வேலை. துரைக்கு மண்புழு ஆகாது. சேவலின் கழுத்து மயிரைச் சின்னத் தூண்டில் முள்ளில் பட்டு நூலால் சுற்றி ஈ மாதிரி கட்டுகிறார், அதை நீளக் கயிற்றில் முடிந்து சாட்டை வீசுகிறவர் போலத் தலைக்கு மேலே வீசி வீசித் தண்ணீரின் மேல் மெல்ல உட்கார வைக்கிறார், மீன் அதை நிஜ ஈ என்று ஏமாந்து கவ்வ வேண்டுமாம். விறைக்கிற தண்ணீரில் காலையிலிருந்து இடுப்பளவு நின்று ஒரு மீன் பிடிப்பார், அது சின்னதாக இருந்தால் அதையும் திரும்ப ஓடையிலேயே விட்டுவிடுவார். இதற்கா இத்தனை பாடு என்று நான் கேட்டதற்கு உன் தம்பி என்னோடு பேச்சை விட்டுவிட்டான். அவனுக்கும் அந்தப் பைத்தியம் பிடித்து ஈ கட்டப் பழகிவிட்டான், நம் செவலைச் சேவல் கழுத்தில் மயிர் இல்லாமல் திரிகிறது.

அந்த மீனுக்கு டிரவுட் என்று பெயர், சீமை மீன், நம் ஓடையில் பிறப்பதில்லை. முன்பு விட்ட மீன்களும் குறைந்துபோனதால் துரை மூணாறிலிருந்து குஞ்சு வரவழைத்தார். பெரிய தகரப் பாத்திரங்களில் ஐஸ் போட்ட தண்ணீரோடு லாரியில் வந்து அடிவாரத்தில் இறங்கியது, அங்கிருந்து காவடி கட்டி மேலே சுமந்துபோகிற பொறுப்பு அம்மாவாசிக்கு. உனக்குத்தான் தெரியுமே, ஆடோ மாடோ எந்த உயிரை மலைக்கு ஏற்றினாலும் கன்னிமார் முன் நிறுத்தி மஞ்சள் தண்ணீர் தெளித்து, அது உடம்பைச் சிலுப்பினால்தான் உத்தரவு என்று மேலே ஓட்டுவோம். முந்தின மீன் தங்காமல் போனதே உத்தரவு வாங்காததால்தான் என்று சுமைக்காரர்கள் சொல்ல, இவனும் சரி என்றிருக்கிறான். தண்ணீருக்குள் இருக்கிற மீனுக்கு எங்கே தெளிப்பது? அதனால் மஞ்சளையும் வேப்பிலையையும் அரைத்துக் கரைத்து ஒவ்வொரு பாத்திரத்திலும் ஊற்றிவிட்டான். கொஞ்ச நேரத்தில் குஞ்சுகள் எல்லாம் துள்ளித் துடித்திருக்கின்றன. ஆத்தா உத்தரவு குடுத்துட்டாடா என்று எல்லாரும் கும்பிட்டு, பொம்பளைகள் குலவை போட்டு, மூடியைப் போட்டுக்கொண்டு சந்தோஷமாக ஏறியிருக்கிறார்கள். பாதி மலையில் இவன் மூடியைத் திறந்து பார்த்தால் அத்தனையும் வயிற்றைக் காட்டி மிதக்கின்றன. என்னையப் போலீசுல பிடிச்சுக் குடுத்துருவாக என்று ஒரே சொல் சொல்லிவிட்டுக் காட்டுக்குள் இறங்கி ஓடியவன்தான், இன்னும் வரவில்லை.

நான் மறுநாளே மேலே போய்த் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு துரை பங்களா வாசலில் நின்றேன். என்ன தண்டனை என்றாலும் எனக்குக் கொடுங்கள் என்று சொன்னேன். பட்லர் வேலுச்சாமி உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து, துரை கோவிக்கலண்ணே, மீனு செத்தா வேற மீனு வருங்கிறாக, அம்மாவாசி எங்கன போனான்னு அவுகளே கேக்குறாக என்றார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. யாருக்கும் கோபமில்லை தாயி, இல்லாத கோபத்துக்குப் பயந்து என் பிள்ளை காட்டில் கிடக்கிறான், அதைச் சொல்ல அவன் காது எனக்குக் கிடைக்கவில்லை.

நம் பங்காளிகளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சோலை சோலையாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டோம். தேன் எடுக்கப் போகிற கருத்தக்கண்ணன் ஓடைக்கு அந்தப் பக்கத்தில் அவனைக் கண்ணால் பார்த்திருக்கிறார், எங்கள் சத்தம் கேட்டதும் போலீசு என்று நினைத்து இன்னும் மேலே ஓடிவிட்டானாம், அவர் கிட்டப் போனதற்கும் நிற்கவில்லையாம். நாங்கள் தேடத் தேட அவன் தள்ளித் தள்ளிப் போகிறான். அதனால் தேடுவதை நிறுத்திவிட்டோம். பெற்ற பிள்ளையைத் தேடாமல் இருப்பதுதான் அவனுக்கு நல்லது என்று வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன், இப்படி ஒரு நிலைமை யாருக்கும் வரக்கூடாது. மேலே சாரல் பிடித்துவிட்டது, அட்டை, யானை எல்லாம் நினைத்தால் சோறு இறங்கவில்லை. உன் அம்மா தினமும் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோய்க் கன்னிமார் கோயிலில் வைத்துவிட்டு வருகிறாள், மறுநாள் சட்டி காலியாக இருந்தால் எம்புள்ள சாப்பிட்டுருக்கான் என்று பூரிக்கிறாள். குரங்கு தின்பதை நான் பார்த்தேன், அவளிடம் சொல்ல மனம் வரவில்லை.

சின்ன வயதில் அடி விழும் என்றால் அவன் உன் பின்னால்தான் ஒளிவான். கண்டிக்கு எந்த வழி என்று சுமைக்காரர் ஒருவரிடம் முன்பே கேட்டிருக்கிறானாம், அதைத்தான் நம்பியிருக்கிறேன். அங்கே வந்தால் உள்ளே வா என்று கூப்பிடாதே, சோறு போடுகிறேன் என்றும் சொல்லாதே, போலீசு வரும்வரை பிடித்து வைக்கிறாய் என்று நினைத்து ஓடிவிடுவான். வாசலில் கண்ட உடனே துரைக்குக் கோபமில்லை என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். மாப்பிள்ளையிடமும் சொல்லி வை. குழந்தைக்குக் குளிர் காற்றுப் படாமல் பார்த்துக்கொள். வேலப்பர் அருளால் நீங்கள் மூவரும் குறைவில்லாமல் வாழ வேண்டும்.

மறந்துவிடாதே தாயி, அப்பாவுக்குக் கோபமா என்று கட்டாயம் கேட்பான். இல்லவே இல்லை என்று சொல். எனக்குக் கோபம் நிறைய இருக்கிறது, அவன் வீடு வந்து சேர்ந்தால் கோபித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நலம் நாடும் அப்பா
சுருளியாண்டி