கேமராவை மூடிவிடு

அன்புள்ள ஜஹனாரா, அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மகள் ஆயத்தும் சுகம்தானே? தோஹாவில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

சின்ன விஷயம்தான், பயந்துவிடாதே. என் போன் உடைந்ததிலிருந்து நம் வீட்டு ஹால் கேமராவை எங்கள் லேபர் கேம்பின் பொது கம்ப்யூட்டரில்தான் பார்த்தேன். பாஸ்வேர்டைச் சேமிக்கட்டுமா என்று பிரவுசர் கேட்டது. வேலைக்குப் போகும் அவசரத்தில் சரி என்று அழுத்திவிட்டேன். நேற்று என் அறையில் இருக்கும் மதுராந்தகத்துப் பார்த்திபன், "இன்னா ஷபீரு, பாப்பாவுக்கு ஜுரமா? சோபாவுலயே படுத்துகினு கீது" என்றான். எனக்கு முன்னால் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அவன் நல்லவன். இன்னும் யாரெல்லாம் பார்த்தார்களோ தெரியவில்லை.

பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். பிரவுசரில் சேமித்ததை அழித்து, மூடியதும் எல்லாம் தானாக அழியும்படி வைத்தேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. உன் பழைய துப்பட்டாவைப் போட்டு கேமராவை மூடிவிடு. கழற்ற வேண்டாம், மூடினால் போதும். இரவல் போனில் சொன்னால் அறையே கேட்கும் என்பதால், இன்று கோவளம் வரும் ஜெயினுலாபுதீன் பாயிடம் இதைக் கொடுக்கிறேன். அவர் கிளம்பிக்கொண்டிருக்கிறார். ஜுரம் விட்டதா?

ஆயத் கேமரா முன்னால் வந்து, "அத்தா, நான் தெரியறேனா?" என்று கேட்பாள். தெரிகிறாய் என்றே சொல்லிவிடு.

உன் ஷபீர்