தாமதமாய்த் தெரியும் இளஞ்சிவப்பு

நவம்பர் 4
வேதியியல் ஆய்வகத்தில் இன்றும் சொதப்பினேன். பியூரெட் என்னும் அளவுக் குழாயிலிருந்து காரத்தைச் சொட்டுச் சொட்டாக அமிலத்தில் விட வேண்டும். குடுவையில் இளஞ்சிவப்பு தலைகாட்டியதும் குழாயை மூட வேண்டும். பக்கத்து மேசை வாயாடிப் பெண், "டீச்சர், போதும் போதும்! ரோஸ் பெயின்ட்டே ஊத்தின மாதிரி ஆயிடுச்சு" என்றாள். எனக்கு அப்போதுதான் நிறமே தெரிந்தது.

முப்பத்தொரு வருடம் புவியியல் நடத்திவிட்டு, அறுபத்தோரு வயதில் பி.எஸ்சி. முதலாண்டு. ஆசைப்பட்டு வந்ததுதான்.

நவம்பர் 9
இரண்டு கண்ணிலும் புரையாம். வெளிர் நிறங்கள் இப்படித்தான் தப்பிப் போகும் என்றார் மருத்துவர். அறுவைக்கு ஜனவரியில்தான் தேதி. செய்முறைத் தேர்வோ டிசம்பர் 2. தவறினால் இந்த வருடமே போச்சு.

மகளிடம் சொன்னேன். "பேசாம வீட்ல இரும்மா. ஆசிட்டோட விளையாடுற வயசா இது?"

நவம்பர் 16
வாயாடி யோசனை சொன்னாள். "பரீட்சைலயும் நான் உங்க பக்கத்து மேசைதான். கலர் வந்ததும் இருமுறேன். நீங்க மூடிடுங்க."

தேர்வறையில் இருமியவர்களை எத்தனை முறை இடம் மாற்றி உட்கார வைத்திருக்கிறேன்! ஆனாலும் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஏன்?

நவம்பர் 17
இன்னும் சொல்லவில்லை.

நவம்பர் 23
எங்கள் பள்ளி ஆசிரியர் அறைக் கடிகாரம் நினைவுக்கு வந்தது. எப்போதும் ஏழு நிமிடம் பின்தங்கியே இருக்கும். ஆனாலும் யாரும் வகுப்புக்குத் தாமதமாகப் போனதில்லை. ஏழு நிமிடத்தைக் கூட்டிக்கொள்வோம், அவ்வளவுதான். என் கண்ணும் அப்படித்தானோ?

அமிலமே சேர்க்காமல், வெறும் தண்ணீரில், காரம் பட்டால் சிவக்கும் நிறங்காட்டியை விட்டு, காரத்தைச் சொட்டிப் பார்த்தேன். நிறம் எனக்குத் தெரிய 0.3 மில்லி. மறுபடி 0.3. மறுபடியும்! தாமதம்தான், ஆனால் ஒழுங்கான தாமதம்.

இருமல் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "எதுக்கும் இருமி வைக்கிறேன் டீச்சர்" என்கிறாள்.

டிசம்பர் 2
தேர்வு. குடுவையைச் சுழற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருமல். இன்னொன்று, பலமாக. கை குழாயில்தான் இருந்தது — மூடவில்லை. என் கண்ணுக்குத் தெரியும்வரை விட்டேன். 18.9. தண்ணீருக்கு 0.3. கழித்தால் 18.6. மூன்றையும் எழுதினேன்.

தேர்வாளர் தாளைப் பார்த்தார். "தண்ணிக்கு எதுக்கும்மா அளவு?"

"என் கண்ணுக்கு நிறம் லேட்டாத் தெரியும் சார். எவ்வளவு லேட்டுன்னு அளந்தேன்."

அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

வெளியே வந்ததும் வாயாடி பிடித்துக்கொண்டாள். "தொண்டை கிழிய இருமினேனே, காதும் போச்சா?"

"நல்லாவே கேட்டுச்சு. போய் வெந்நீர் குடி."

ஜனவரி 20
வலது கண்ணுக்கு முடிந்தது. குனியக் கூடாது.

பிப்ரவரி 24
தேர்வில் தேறிவிட்டேன். இரண்டாம் பருவத்தின் முதல் ஆய்வகம். பழக்கதோஷத்தில் வெறும் தண்ணீரைத்தான் முதலில் வைத்தேன். ஒரே ஒரு சொட்டு, இளஞ்சிவப்பு தெரிந்தது. வாயாடி குறும்பாக இருமினாள். அதற்குள் நான் குழாயை மூடியிருந்தேன்.