பேசாத் தண்டனை

ஜூலை 4

அன்பும் அதட்டலும் நிறைந்த அக்காவுக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவின் தலைமை நீதிபதியாக உன் தம்பி ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டான். (வேறு யாரும் நிற்கவில்லை. அது தேவையில்லாத விவரம்.)

கடிதம் எழுதக் காரணம், அம்மாவின் ரிங்டோனை நாய்க் குரைப்பாக மாற்றி வைத்தேன். ஆபீஸ் மீட்டிங்கில் குரைத்துவிட்டது. என் போன் இப்போது பீரோவுக்குள். ஜாமீன் கிடையாது.

முதல் வழக்கு கொசு மீது. பெயருக்கேற்ற மாதிரி இருப்பானே, ஒல்லியாக, காதோரம் முணுமுணுத்துக்கொண்டு, அவன்தான். நாடகப் போட்டிக்கு வகுப்பே சேர்ந்து வரைந்த அரண்மனைத் திரை அவன் பொறுப்பில் இருந்தது. ஜன்னலைச் சாத்த மறந்துவிட்டான். மழை. விடிந்தபோது அரண்மனை கூழாக ஒழுகியது. போட்டியும் போயிற்று. இனி வருஷம் முடியும்வரை யாரும் அவனோடு பேசக்கூடாது என்று எல்லோரும் குதிக்கிறார்கள். நீ வக்கீலாயிற்றே, இதற்கு ஏற்றமாதிரி கம்பீரமாக நாலு வரி எழுதி அனுப்பு.

இப்படிக்கு,
மாண்புமிகு தம்பி

ஜூலை 8

வாலுக்கு,

நீதிபதி ஆனாயா, இல்லை 'நீ அதிபதி' ஆனாயா?

மறதிக்கு ஒரு வருஷமா? நான் ஜூனியராக இருக்கும் கோர்ட்டிலும் இதைத்தான் பார்க்கிறேன். எவ்வளவு கொடுக்கலாம் என்று சத்தம் போடுகிறார்கள். கொடுத்தால் எது சரியாகும் என்று கேட்க ஆள் இல்லை.

நம் வீட்டுச் சட்டம் மறந்துவிட்டதா? நீ என் சைக்கிளில் காற்றைப் பிடுங்கியபோது, "ஒரு வாரம் மாடிப்படி கூட்டட்டும்" என்றேன். அப்பா துடைப்பத்தை என் கையில் கொடுத்தார். "முதல் நாள் நீ கூட்டும்மா. தண்டனை சொல்றவங்க அது எப்படி இருக்குன்னு பார்த்துட்டுச் சொல்லணும்." இரண்டாவது மாடி வருவதற்குள் உன்னை மன்னித்துவிட்டேன்.

அன்புடன்,
அக்கா

ஜூலை 15

அக்கா,

தீர்ப்பு சொல்லியாயிற்று! வீட்டுச் சட்டத்தை அறிவித்து, "யாருடா முதல்ல?" என்றேன். அத்தனை பேரும் மின்விசிறியை ஆராய்ந்தார்கள். "அப்ப நானே" என்று நெஞ்சை நிமிர்த்தினேன். திங்கட்கிழமை முழுக்க என்னோடு யாரும் பேசவில்லை. நான் முனிவர் மாதிரி இருந்தேன். கடைசி மணி அடித்ததும், "இவ்வளவுதானா?" என்று சிரித்தேன்!

மறுநாள் தீர்ப்பு: பேசாத் தண்டனை ரத்து. ஆண்டு விழாவுக்கு கொசு புதுத் திரை வரைய வேண்டும், நாங்களும் கூட உட்கார வேண்டும். கைதட்டலில் கரும்பலகைத் தூசி பறந்தது.

புகழ் தாங்காத,
தம்பி

ஜூலை 19

வாலுக்கு,

தீர்ப்பு அருமை. நிஜமாகவே பெருமையாக இருக்கிறது.

ஒரே ஒரு சந்தேகம். தூக்கத்தில்கூடப் பேசுகிறவன் நீ. அந்த நாள் அவ்வளவு சுலபமாகப் போயிருந்தால், தண்டனையை ஏன் ரத்து செய்தாய்?

அக்கா

ஜூலை 23

அக்கா,

குறுக்கு விசாரணை உன் தொழில்தான், அதற்காகத் தம்பியிடமேவா?

சரி. முனிவர் இரண்டாவது பீரியட் வரைதான். ஒரு ஜோக் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. நல்ல ஜோக், அக்கா. மத்தியானம் நான் போய் உட்கார்ந்ததும் பெஞ்சிலிருந்த எல்லோரும் டிபன் டப்பாவோடு எழுந்து போனார்கள். நான் சொல்லிவைத்த விளையாட்டுதான். ஆனாலும் குழாயடிக்குப் போய், முகம் கழுவுகிற மாதிரி ரொம்ப நேரம் நின்றேன்.

பக்கத்துக் குழாயில் கொசு.

"டேய், உன்கிட்ட பேசினா எனக்குத் தண்டனை கூடுமா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"கூடட்டும். அழாதடா. முதல் நாள்தான் இப்படி இருக்கும்."

தீர்ப்பு வருவதற்கு முன்பே வகுப்பில் எல்லோரும் அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரியாது என்று எழுத ஆசைதான். நானும்தான் அவனோடு பேசவில்லை.

கடைசி மணிக்கு நான் சிரிக்கவும் இல்லை. மூக்கைச் சிந்திக்கொண்டு இருந்தேன். அம்மாவிடம் சொல்லாதே. கொசு இப்போது எங்கள் வீட்டு மாடியில் அரண்மனை வரைகிறான். கோபுரம் பிரமாதமாக வருகிறது. எனக்குக் கொடுத்த வேலை பிரஷ் கழுவுவது.

இப்படிக்கு,
வெறும் தம்பி