நான்காவது மணப்பெண்

1951 மார்ச் 4, ஞாயிறு
உபவாச ஞாயிறு. வயிறு காய்ந்தும் குரல் காயவில்லை; நன்றாகவே பிரசங்கித்தேன். முடிந்ததும் ஹார்மன் வந்தார். மர மில் அவருடையது, ஊரில் பாதிப்பேர் அவர் பேச்சைக் கேட்பவர்கள். "வாய்க்கால் தண்ணி பங்கு சரியில்லைங்க ஐயா. இப்படியே போனா நாங்க தனியாப் போறதுதான் வழி." சாதாரணமாகச் சொன்னார். அதுதான் பயம்.

மார்ச் 7
யூட்டா எல்லையோரத்தில், பலதார மணத்தை விடாத எங்கள் ஊரில் எந்தப் பெண் யாருக்கு என்பதை ஆண்டவர் எனக்குக் காட்டுவார், நான் சொல்வேன். இன்று காட்டினார். ஹார்மனின் மகள் வெர்டா, எனக்கு.

மார்ச் 8
செய்தி சொன்னதும் ஹார்மனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. என் முதல் மனைவி லியோரா பீன்ஸ் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்.
"மில்லுக்காரர் பொண்ணுன்னதும் ஆண்டவர் உடனே காட்டிட்டாராக்கும்?"
ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். வீட்டு வாய்க்கும் இல்லை. பல மனைவியரைக் கட்டியதற்காக என்னைச் சிறையில் போட்டபோதுகூட இந்த ஊர் சிதறவில்லை. இப்போது சிதற விடுவேனா?

மார்ச் 13
வெர்டா வந்து நின்றாள். பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவள், இருபத்திரண்டு வயது.
"எனக்கு எதுவும் காட்டலையே, ஐயா."
"ஜெபம் பண்ணும்மா, காட்டுவார்."
"பண்ணிட்டேன்."
நான் பின்வாங்க மாட்டேன்.

மார்ச் 24, சனி
எழுத வேண்டாமென்று நினைத்தேன். எழுதுகிறேன்.
எங்கள் திருமணச் சடங்கில் முதல் மனைவிதான் புதியவளின் வலது கையை எடுத்துக் கணவன் கையில் வைக்க வேண்டும். லியோரா இரண்டு முறை வைத்திருக்கிறாள், முகம் சுளிக்காமல். இன்று வெர்டாவின் கையைப் பிடித்தாள். பிடித்தவள் விடவில்லை. நான் கையை நீட்டியபடி நிற்கிறேன். ஹார்மன் தொண்டையைச் செருமினார்.
"என்ன லியோரா?"
"இவ கை சில்லுனு கிடக்குங்க. நீங்களே தொட்டுப் பாருங்க. தொட்டுட்டு, ஆண்டவர் சொன்னார்னு இன்னொரு தடவை சொல்லுங்க. கொடுத்துடறேன்."
முதல் மனைவி மறுத்தால் அவளை மீறிக் கட்டிக்கொள்ள எங்கள் முறையில் இடமுண்டு. அது அவளுக்கும் தெரியும்.
தொட்டேன். புதுக் கன்றுக்குட்டி போல நடுங்கியது. ஐயோ, என்னைக் கண்டா இந்த நடுக்கம்?
கூட்டத்தின் பக்கம் திரும்பினேன். "ஆண்டவர் இப்போ வேற மாதிரி காட்டிட்டார். இவ எனக்கில்ல" என்றேன்.
அவர் எதுவும் காட்டவில்லை. நானாகச் சொன்னேன். எல்லோரும் ஆமென் என்றார்கள். எப்போதும் சொல்லும் அதே ஆமென்.

மார்ச் 25
அப்படியானால் இத்தனை வருடம் காட்டியதெல்லாம் — யார்?

ஏப்ரல் 2
ஹார்மன் தன் ஆட்களோடு எல்லை தாண்டி யூட்டா பக்கம் போய்விட்டார். மில்லில் பூட்டு. வெர்டா போகவில்லை, லியோராவின் அறையில் இருக்கிறாள். பலகை கிடைக்காவிட்டால் செங்கல் அறுப்போம். இருப்பவர்களை வைத்து ஊரை நிறுத்திக் காட்டுகிறேன்.

ஏப்ரல் 8, ஞாயிறு
ஹார்மனோடு போகாமல் ஊரிலேயே தங்கிவிட்ட ஏசா தன் மகளைக் கூட்டி வந்தான்.
"இவளுக்கு யாருன்னு ஆண்டவர்கிட்ட கேட்டுச் சொல்லுங்க ஐயா."
அந்தப் பெண்ணுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.
"நீ சொல்லும்மா" என்றேன்.
ஏசா என்னைப் பார்த்தான், மகளைப் பார்த்தான். அவள் வாய் திறக்க வெகுநேரம் ஆனது. காத்திருந்தேன்.