எல்லாருக்கும் ஓர் அக்கா

செப்டம்பர் 4

முதுகலை குற்றவியல் நீதி, இரண்டாம் ஆண்டு. களப்பயிற்சி தொடங்கிவிட்டது. காலை வகுப்பில் பேராசிரியை குரல் தழுதழுக்கச் சொன்னார் — குற்றம் நிரூபிக்கப்படும் வரை எவரும் நிரபராதியே. மதியம் அரசு வக்கீல் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இந்தச் சேதி இன்னும் வந்து சேரவில்லை.

எனக்குக் கொடுத்த நாற்காலிக்கு ஒரு கைப்பிடி இல்லை. அரசு வக்கீலுக்கு இரண்டு கையும் நன்றாக இருக்கின்றன. ஒன்றில் டீ கிளாஸ், மற்றதில் பேனா. யார் எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடுகிறார். படித்துப் பார்ப்பதில்லை. மனதுக்குள் அவருக்கு 'முத்திரை' என்று பெயர் வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 12

முதல் வேலை. பூட்டை உடைத்துத் திருடியதாகப் பிடிபட்ட ஒருவன் ஜாமீன் கேட்கிறான், கொடுக்கக் கூடாது என்று ஆட்சேபணை எழுதவேண்டும். பைல் முழுவதும் படித்தேன். அந்த அறையில் பைல் படித்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். அவனுக்கு முகவரியே இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் அக்கா இருக்கிறாள். போன தடவை அங்கேதான் போய் ஒளிந்திருக்கிறான். எழுதினேன்: "மனுதாரருக்கு நிலையான வீடு இல்லை. அண்டை நாட்டில் உடன்பிறந்த அக்கா வசிக்கிறார். வெளியே விட்டால் அங்கே தப்பிச் சென்றுவிடுவார்."

ஜாமீன் தள்ளுபடி. முத்திரைக்கு ஒரே சந்தோஷம். "நல்லா எழுதியிருக்கம்மா. இதை கம்ப்யூட்டர்ல போட்டு வை, நமக்கு உதவும்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்து என் அக்காவிடம் பீற்றிக்கொண்டேன்.

அக்டோபர் 20

பைலைத் தூக்கினேன். பைலை இறக்கினேன். நீதி நிலைநாட்டப்பட்டது.

நவம்பர் 6

பாதிப் பருவம் குற்றம் சாட்ட வேண்டும், மீதிப் பாதி காப்பாற்ற வேண்டும் — இது எங்கள் படிப்பின் விதி. இன்று முதல் இலவச சட்ட உதவி மையம். கோர்ட்டுக்குப் பின்னால், கழிப்பறைக்கு அடுத்த அறை. அலமாரிக் கதவைச் சணல் கட்டி மூடியிருக்கிறார்கள். இங்கே இருக்கிற ஒரே வக்கீலம்மா சாப்பிட்டுக்கொண்டே போன் பேசுகிறார், போன் பேசிக்கொண்டே பைல் தேடுகிறார். ஆனால் படிக்கிறார்!

முத்திரை எனக்கு மதிப்பெண் இன்னும் போடவில்லை. டிசம்பரில் அனுப்புவாராம். அது வந்தால்தான் பட்டம்.

நவம்பர் 13

இன்றைக்கு வந்த வழக்கு ஒரு மெக்கானிக்குடையது. திருட்டு வண்டியின் இன்ஜின் அவர் பட்டறையில் கிடந்ததாம். எவனோ பழுது பார்க்கக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனது என்கிறார். வக்கீலம்மா ஜாமீன் கேட்டார். முத்திரை எழுந்து ஆட்சேபணையை வாசித்தார். நிலையான வீடு இல்லை. அண்டை நாட்டில் உடன்பிறந்த அக்கா —

கமா மாறாமல் என் வாக்கியம்.

இவருக்கு அக்காவே கிடையாது என்று வக்கீலம்மா சொல்லிப் பார்த்தார். அரசு தரப்பு விசாரிக்காமலா எழுதும் என்று மாஜிஸ்திரேட் மனுவைத் தள்ளிவிட்டார். வெளியே வந்ததும் மெக்கானிக்கின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வீட்டுக்கு ஒரே புள்ளைம்மா அவரு. இல்லாத நாத்தனாரை நான் எங்க போய்த் தேடுவேன்? இந்த மாசத்துக்குள்ள அவர் வெளிய வரலைன்னா பட்டறையை வேற ஆளுக்குக் கொடுத்துருவாங்க. பட்டறைக்குப் பின்னாடிதான் எங்க வீடு."

அதுவும் போய்விட்டால், நிலையான வீடு இல்லை என்று நான் எழுதியது உண்மையாகிவிடும். எப்பேர்ப்பட்ட எழுத்து என்னுடையது!

நவம்பர் 14

சணலை அவிழ்த்து, ஜாமீன் மறுக்கப்பட்டவர்களின் பைல்களை எடுத்துப் பார்த்தேன். பழக்கடைக்காரர் — அக்கா, அண்டை நாடு. பஸ் டிரைவர் — அக்கா, அண்டை நாடு. எழுபது வயதுக் கிழவர், எழுந்து நிற்கவே ஆள் வேண்டும் — அவரும் அக்காவிடம் தப்பி ஓடப் போகிறாராம். இந்த ஊரில் கைதான எல்லாருக்கும் நான் ஒரு அக்காவைப் பெற்றுக் கொடுத்திருக்கிறேன். பெயரை மட்டும் மாற்றிவிட்டு மிச்சத்தை அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். முத்திரையும் கையெழுத்துப் போட்டிருக்கிறார், வழக்கம்போல.

இவர்களில் எத்தனை பேர் இன்னும் உள்ளே இருக்கிறார்கள்?

நவம்பர் 15

வீட்டில் சண்டை. வக்கீலம்மாவிடம் சொல்லப் போகிறேன் என்றதும் அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "உன் மார்க் அந்தாள் கையில இருக்கு. நீ எழுதினது பொய் இல்லையே. அவங்க ஒட்டினா அது அவங்க பாவம். வாயை மூடிட்டு டிகிரியை வாங்கிட்டு வா."

அவள் சொல்வதும் சரிதானே? நான் எழுதியது ஒருத்தனைப் பற்றி. உண்மையை. பிறகு ஏன் எனக்குச் சோறு இறங்கவில்லை? அந்தப் பொம்பளை கையைப் பிடிச்சாளே, அந்தக் கையாலதானே டைப் அடிச்சேன்... அக்கா இருந்தால் ஓடிப்போய் அங்கே தங்கலாம் என்று எழுதினேன். இந்த அக்காவிடமிருந்துதான் ஓட வேண்டியிருக்கிறது.

நவம்பர் 16

சொல்லிவிட்டேன். வக்கீலம்மா முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. "உன் பேரை நான் சொல்லமாட்டேன். ஆனா அவருக்குத் தெரிஞ்சிரும். பரவாயில்லையா?" பரவாயில்லை என்றேன். பொய். பரவாயில்லாமல் எப்படி இருக்கும்?

நவம்பர் 21

மறுபடியும் ஜாமீன் மனு. வக்கீலம்மா அந்த ஆட்சேபணைகளை ஒவ்வொன்றாக வாசித்தார். மூன்றாவது அக்காவிலேயே பின்வரிசையில் சிரிப்பு. மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்த அம்மாவுக்கு மொத்தம் எத்தனை தம்பிங்க?" என்று முத்திரையைக் கேட்டார்.

முத்திரை எழுந்து, அது தட்டச்சுப் பிழை என்றார். ஒரு முழு அக்கா, அவள் குடியிருக்கும் நாட்டோடு சேர்த்து, தட்டச்சுப் பிழை.

மெக்கானிக்குக்கு ஜாமீன். மற்றவர்களின் மனுக்களையும் திரும்பக் கொண்டுவரச் சொன்னார் மாஜிஸ்திரேட். வெளியே போகும்போது முத்திரை என்னைப் பார்த்தார்.

டிசம்பர் 28

மதிப்பெண் வந்துவிட்டது. ஃபெயில். காரணம்: "அலுவலக விசுவாசம் போதாது." பேராசிரியை வருத்தப்பட்டார், மேல்முறையீடு செய்ய வழி இல்லையாம். நிரபராதி என்று என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. களப்பயிற்சியைத் திரும்பச் செய்ய வேண்டும். அதே அலுவலகத்தில்.

அக்கா 'நான் அப்பவே சொன்னேன்' என்று சொல்லவில்லை. அதுதான் பொறுக்க முடியவில்லை. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஜனவரி 9

மறுபடியும் கைப்பிடி இல்லாத நாற்காலி. முத்திரை முகத்தைப் பார்க்காமல் ஒரு பைலைத் தள்ளினார். லாட்ஜில் அறை துடைக்கிற பெண். தங்க வந்தவரின் வளையலைக் காணோம். ஆட்சேபணை எழுது என்றார்.

ஜனவரி 11

அந்தப் பெண் குடியிருக்கும் தெருவுக்குப் போய் விசாரித்தேன். பிறகு எழுதினேன்: "ஜாமீன் வழங்குவதில் அரசு தரப்புக்கு ஆட்சேபணை இல்லை."

முத்திரை பேனாவை எடுத்தார், திரும்ப வைத்தார். இழுப்பறையில் துழாவிக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். படித்தார். முதல் வரியிலிருந்து மறுபடியும் படித்தார்.

"இவ ஓடமாட்டான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நேர்ல போய்ப் பாத்தேன் சார். பொறந்ததுலேர்ந்து அதே வீடுதான். அம்மா படுத்த படுக்கையா இருக்காங்க, இவதான் பாத்துக்கறா."

கையெழுத்துப் போட்டார். தாளை என் பக்கம் தள்ளினார்.

"எழுதினது யாருன்னு கீழ உன் பேரையும் போடு. இனிமே எல்லாத்துலயும் போடணும்."

மாட்டினால் தனியாக மாட்டக்கூடாது என்ற கணக்கு. அது புரியாமல் இல்லை. போட்டேன். பிறகு தாளை அனுப்பாமல் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாக இன்னொரு தடவை படித்தேன்.