ராஜா பெண் உட்கார்ந்த நாற்காலி

அம்மா,

நேற்று சபையில் ஒரு மடக்கு நாற்காலி என் விரலைக் கடித்துவிட்டது. ஆராதனை முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன், நகக்கண்ணில் ரத்தம் கட்டிக்கொண்டது. 'ஐயோ கர்த்தரே' என்று கத்தவேண்டிய வாய், 'எம்மா, உன் சேரு!' என்று கத்திவிட்டது. பக்கத்தில் நின்ற பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர்கள் உன்னையும் பார்த்ததில்லை, உன் நாற்காலியையும் பார்த்ததில்லை. அதைச் சுமந்ததும் இல்லை, கொடுத்துவைத்தவர்கள்.

களமருதூர்க் காலனியிலிருந்து நாம் சபைக்குப் போக ஆரம்பித்த புதிது. நாம் எல்லாரும் ராஜாதி ராஜாவின் பிள்ளைகள் என்று போதகர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் பண்ணினார். மற்றவர்கள் ஆமென் சொல்லிவிட்டுச் சோறாக்கப் போய்விட்டார்கள். நீ மட்டும் அவரை வழிமறித்தாய்.

"ஐயா, ராஜா பொண்ணு தரையிலயா குந்துவா?"

பாவம், அவருக்குப் பசி. "சிங்காசனத்துலதாம்மா குந்துவா" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிவிட்டார். எதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும், எதை மனசுக்குள் வைத்துக்கொண்டால் போதும் என்று ஒரு வார்த்தை பிரித்துச் சொல்லியிருக்கலாம். அடுத்த வாரமே வெள்ளாட்டுக் குட்டியை விற்றுவிட்டு, கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு இரும்பு மடக்கு நாற்காலியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினாய்.

அதற்கப்புறம் நீ போன இடமெல்லாம் அதுவும் வந்தது. நடவு இடைவேளையில் வரப்பின்மேல் அதைப் போட்டு உட்கார்ந்து கூழ் குடித்தாய். ரேஷன் கடை வரிசையில் உட்கார்ந்தபடியே நகர்ந்தாய். சாவு வீட்டில் நாற்காலி போட்டு ஒப்பாரி வைத்தவள் நம் ஜில்லாவிலேயே நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய். பிளஸ் டூ படிக்கிற பெண்ணான எனக்கு எப்படி இருந்திருக்கும்?

"எம்மா, மானம் போவுது" என்பேன்.

"மானம் இப்பதான்டி வந்துக்கினு இருக்குது. வாய மூடிக்கினு நட" என்பாய்.

ஒரே ஒரு இடத்துக்கு மட்டும் அதை எடுத்துப்போக மாட்டாய். ஆண்டை வீட்டு வாசல். நம் காலனியார் யாரும் அவர் எதிரில் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தால் மறுநாள் நடவுக்குக் கூப்பிட ஆள் வராது. அங்கே கூலிக்குப் போகும்போது நாற்காலியை வீட்டில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, "அங்க குந்துற அளவுக்கு எனக்கு இன்னும் விசுவாசம் பத்தலடி" என்பாய்.

இடஒதுக்கீடு கேட்டு ஊரெல்லாம் மறியல் நடந்த காலம் அது. வெள்ளிமலையில் பெண்கள் ஜெபக் கூட்டத்தில் சாட்சி சொல்ல உன்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு மாதமாக அடுப்படியில் சொல்லிப் பார்த்தாய். ஒவ்வொரு தடவையும் கர்த்தர் உன்னைத் தேடி வந்த கதையில் ஆரம்பித்து, விற்ற ஆட்டுக்குட்டி எவ்வளவு லட்சணம் என்பதில் போய் முடித்தாய். அன்றைக்குக் காலையில் நீ, நான், நாற்காலி, மூவரும் பஸ் ஏறினோம். கள்ளக்குறிச்சி போய்ச் சேருமுன்பே ரோட்டின் குறுக்கே ஒரு புளியமரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் நின்றுவிட்டது. எல்லாரும் இறங்கி வெயிலில் நின்றார்கள். நீ நட்டநடு ரோட்டில் நாற்காலியை விரித்து உட்கார்ந்தாய்.

மறியல்காரர் ஒருவர் வந்து உன்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாம்மா, நாங்களே தரையில குந்திக்கினு இருக்கோம். நீ யாரு? இன்னா ஆளு?"

"ராஜா பொண்ணு."

"எந்த ராஜா?"

"பரலோக ராஜா."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அங்கயாவது எங்களுக்கு எடம் ஒதுக்கச் சொல்லேன்."

"அங்க அல்லாருக்கும் எடம் இருக்குதுப்பா. மரத்த வெட்டத் தேவயில்ல" என்றாய். தரையில் உட்கார்ந்திருந்தவர்களே கைதட்டிச் சிரித்தார்கள்.

சிரிப்பு சட்டென்று நின்றது. பின்னால் மாட்டிக்கொண்ட காரிலிருந்து இறங்கி, கைத்தடியை ஊன்றிக்கொண்டு, ஆண்டை வந்துகொண்டிருந்தார். பஸ்ஸில் வந்த நம் ஊர்க்காரர்கள் துண்டை இடுப்புக்கு இறக்கினார்கள். "எழுந்திருடி பாவி" என்று ஒரு கிழவர் பல்லைக் கடித்தார். நான் உன் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். நீ அசையவில்லை. அவர் உன் எதிரில் வந்து நின்றார். நாற்காலியைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். நீ நேராக அவர் முகத்தைப் பார்த்தாய். எனக்கு மூத்திரமே முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

வெயில் ஏறியது. அவருக்கு முழங்கால் வீங்கியிருந்தது, கைத்தடி ஆடியது. அப்போதுதான் நீ என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுந்தாய்.

"ஆண்டைன்னு எழுந்திரிக்கலங்க. கால் நோவுதேன்னு எழுந்திரிச்சேன். குந்துங்க."

அவர் சுற்றிலும் பார்த்தார். நீ உட்கார்ந்த நாற்காலி, உன் சூடு ஆறாத நாற்காலி. கால் வலி ஜெயித்தது, உட்கார்ந்துவிட்டார். மரத்தை ஒதுக்கி வழி விட்டபோது, முன்னால் இன்னும் நிறைய மரம் கிடக்கிறதென்று டிரைவர் பஸ்ஸைத் திருப்பினார். நீ ஆண்டை எதிரில் போய் நின்று, "பஸ்ஸு கெளம்புது. என் சேர் வேணுங்க" என்றாய். அத்தனை பேர் பார்க்க, அவர் எழுந்து நின்று உனக்கு நாற்காலியை விட்டார்.

அந்த நடவுப் பட்டம் முழுக்க அவர் கழனிக்கு உன்னைக் கூப்பிடவில்லை. நீ பக்கத்து ஊர்க் கழனிக்கு நாற்காலியோடு நடந்தாய். வெள்ளிமலைக்கு நாம் போகவேயில்லை.

அன்றைக்குத் திரும்பும் பஸ்ஸில் நீ தண்ணீர்ச் செம்பை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாய். பாதி தண்ணீர் மார்பில் கொட்டியது.

"பயந்துட்டியாம்மா?"

"பின்ன? தொட ரெண்டும் கெடகெடன்னு ஆடிச்சு. அவரு வந்ததும் எழுந்திரிச்சிடலாம்னுதான் பாத்தேன், காலு வரல. நடுங்குதேன்னு நானே கர்த்தர்கிட்ட வெக்கப்பட்டேன். நடுங்கிக்கினே குந்தும்மான்னு சொன்னாப்ல இருந்துச்சு. குந்திட்டேன்."

நீ சாட்சியாகச் சொல்ல வைத்திருந்தது எனக்கு ஒரு வரிகூட ஞாபகமில்லை, ஆட்டுக்குட்டியைத் தவிர. இதுதான் ஞாபகமிருக்கிறது. நான் இப்போது தலைமையாசிரியை. அதிகாரிகள் கூட்டத்தில் யாராவது சிரித்துக்கொண்டே, "டீச்சர், நீங்க எந்தப் பக்கம்? அப்பா இன்னா பண்ணாரு?" என்று சுற்றி வளைத்துச் சாதியை விசாரிக்கிறார்கள். "களமருதூர்க் காலனி. அம்மா நடவு ஆளு" என்கிறேன். சொல்லி முடித்ததும் மேசைக்கடியில் என் தொடை கெடகெடவென்று ஆடுகிறது, அம்மா. ஆடட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.